காகமும் காக்காவும்

கேள்வி: நாங்கள் காகம் என்கிற பறவையைத் தமிழ்நாட்டுப் படங்களில் காக்கா என்கிறார்கள். அப்பாவோ சோனகதெருவில் தனக்குத் தெரிந்த கடைக்காரரைக் ‘காக்கா’ என்று கூப்பிடுகிறார். அது மரியாதைக் குறைவு இல்லையா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இல்லைப் பிள்ளை, அப்பா மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். இலங்கை முஸ்லிம்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அப்படித்தான். மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்களிடமும் இந்த முறைச்சொல் உண்டு. பறவையை நாங்கள் காகம் என்றே சொல்வதால் யாழ்ப்பாணத்தில் இரண்டும் குழம்புவதில்லை.

என் சின்ன வயதில் ஐந்துசந்திப் பக்கம் தையல் கடை வைத்திருந்தவரிடம் அம்மா, “காக்கா, தீபாவளிக்கு முதல் தைச்சுத் தாங்கோ” என்பார். அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பின் பல வருடம் அப்படிக் கூப்பிட எங்கள் தெருக்களில் ஆளில்லை. திரும்பி வந்தவர்களை அந்த முறை சொல்லி அழைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆகவே, இந்தச் சொல்லைக் கேட்டுக் ‘கா கா’ என்று கேலி செய்கிற பிள்ளைகளைக் கண்டால் தயவுசெய்து திருத்துங்கள்.

மற்றவை சுருக்கமாக: காக்கா பிடிப்பது, முகஸ்துதி செய்து காரியம் பார்ப்பது. காக்காய்ப்பொன், மினுங்குகிற அப்பிரகம் (மைக்கா). காக்காய்வலிப்பு, வலிப்பு நோய். அதற்குக் கையில் இரும்பு கொடுத்துக்கொண்டு நில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ‘காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது’ எங்கள் ஊர்ப் பழமொழியா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பனை எங்களுடையதுதான், ஆனால் பழமொழி பரந்தது. வடமொழியிலும் இதைக் காகதாலீயம் என்பார்கள். தாலம் என்றால் பனை. பழுத்த பழம் தானாக விழுந்தது, காகம் அந்த நேரம் வந்து இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: காகம் கத்தினால் விருந்தாளி வருவார் என்று அம்மம்மா சொல்கிறார். எவ்வளவு பழைய நம்பிக்கை?
– மாணவி, நல்லூர்

பதில்: சங்ககாலத்து நம்பிக்கை. குறுந்தொகை 210ஆம் பாட்டில் தலைவன் திரும்பி வந்ததும் தோழியைப் பாராட்டுகிறான். அவளோ, நன்றி காகத்துக்கே என்கிறாள். நள்ளி என்ற வள்ளலின் காட்டு ஆயர்களின் நெய்யும் தொண்டி என்ற ஊரில் விளைந்த வெண்ணெல் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும், விருந்து வரக் கரைந்த காகத்துக்கு அது கொஞ்சம் என்கிறாள். இந்தப் பாட்டால்தான் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற அடைமொழி வந்தது. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.