ஹோபி பேக்கர் விருது என்றால் என்ன? யாருக்குக் கொடுக்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் நிலை ஆண்கள் ஐஸ் ஹாக்கியில், அந்தப் பருவத்தின் தலைசிறந்த வீரருக்குத் தரப்படுவதுதான் ஹோபி பேக்கர் விருது. 1981-இல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நீல் பிராட்டன்.

ஆட்டத்திறன் மட்டும் போதாது. நடத்தை, படிப்பு, எதிரணியை மதிக்கும் பண்பு எல்லாமே பார்க்கப்படும். காரணம், அந்தப் பெயருக்கு உரியவர்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஹோபி பேக்கர், அபார வேகத்துக்கும் அதே அளவு கண்ணியமான ஆட்டத்துக்கும் பேர்போனவர். முதல் உலகப் போரில் விமானியாகப் போனார். போர் ஓய்ந்த அடுத்த மாதமே, 1918 டிசம்பரில், பிரான்சில் விமான விபத்தில் இறந்துவிட்டார். வயது 26தான். அவரைப் போன்ற ஒருவரைத் தேடுகிற விருது என்பதாலேயே எனக்கு இது மிகவும் பிடிக்கும். நம் பள்ளி ஆண்டு விழாவில் ‘சிறந்த மாணவர்’ பரிசு முதல் மார்க் வாங்கியவருக்கே போய்விடுவதில்லையே, அது மாதிரி.

பெண்களுக்கு 1998 முதல் பேட்டி காஸ்மையர் விருது தனியாக உண்டு.

அப்புறம், அதிக கோல் அடித்தவருக்குத்தான் இது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 2001-இல் வாங்கிய மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரயன் மில்லர் ஒரு கோல்கீப்பர்.