பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், அண்ணாச்சி

சாயல்குடியிலிருந்து பஸ் ஏறி மேற்படிப்புக்கு யோசனை கேட்க மதுரைக்கு வந்து என் முன் உட்கார்ந்ததும், மஞ்சள் பையிலிருந்து நீங்கள் முதலில் எடுத்து வைத்தது மகளின் மதிப்பெண் பட்டியலை அல்ல, நிலப் பத்திரத்தை. பி.காம். கடைசி ஆண்டு படிக்கும் பெண் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாய்மாமன்தான் பேசினார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.ஏ., பத்து லட்சம், முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்றார். அன்று உங்களைப் பதறவிடக் கூடாது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்: அந்த நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 17,100 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது பதினான்கு லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. வேலை உத்தரவாதம் என்கிறது அந்தக் கல்லூரியின் துண்டறிக்கை. என்ன வேலை, என்ன சம்பளம் என்று மாமாவிடம் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

வங்கித் தேர்வு, பி.எட்., சி.ஏ. பற்றியெல்லாம் உங்கள் கடைக்கு வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். நான் பேச நினைப்பது உங்கள் பெண்ணின் நோட்டைப் பற்றி.

நீங்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் அதை என்னிடம் காட்டினாள். போன பதநீர்க் காலத்தில் உங்கள் ஊர்ப் பனையேறிகள் சிலருக்காக அவளாகவே எழுதிய கணக்கு. கருப்பட்டி காய்ச்சிய நாள், விறகுச் செலவு, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், நிறுத்த எடை, கழிவு என்று பிடித்துக்கொண்ட எடை. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘முன்பணம் இல்லையென்றால் இவர்கள் வேறு யாருக்கு விற்பார்கள்?’ இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். யாரும் சொல்லாமல் இப்படி ஒரு நோட்டு எழுதிய பிள்ளைகள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள்.

இந்தக் கேள்வியைப் படிப்பாகவே சொல்லித்தருகிற இடம் ஒன்று இருக்கிறது. மும்பை தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1936இல் தொடங்கியது, 1964 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே 2007இல் சமூகத் தொழில்முனைவில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார்கள். கணக்கும் சந்தையும் அதில் உண்டு, ஆனால் வகுப்போடு நிற்பதில்லை. களத்துக்குப் போய் மக்களின் சிக்கலைப் பார்க்க வேண்டும். அதைத் தீர்க்கும் தொழில் ஒன்றுக்கு, தன் காலில் நிற்கக்கூடிய திட்டம் போட வேண்டும்.

எந்த வடிவத்தில் பதிவு செய்வது என்பதே ஒரு பெரிய பாடம். அறக்கட்டளையாகவா? லாபம் வந்தாலும் பங்கு பிரிக்க முடியாத, கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவு நிறுவனமாகவா? உற்பத்தியாளர் நிறுவனமாகவா? உற்பத்தி செய்கிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் இந்தக் கடைசி வகையைப் பதிவு செய்யலாம், உரிமை அவர்களிடமே இருக்கும். அவள் நோட்டில் உள்ள பெயர்களை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. ஆனால் பதிவு செய்தால் மட்டும் போதாது. வியாபாரி கொடுக்கும் முன்பணத்தை அந்த நிறுவனம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும், சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி மழைக்காலத்தில் கசிந்தால் நட்டம் யார் தலையில், இதையெல்லாம் திட்டத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

அன்று இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னபோது, ‘தர்ம காரியம் சோறு போடுமா?’ என்று மாமா சிரித்தார். சற்று முன்புதான் தன் தந்தைக்கு அரவிந்த் மருத்துவமனையில் கண்புரை அறுவை செய்ததைச் சொல்லியிருந்தார்! 1976இல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு இதே மதுரையில் தொடங்கியது அது. பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார், முடியாதவருக்கு இலவசம். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் தாங்களே லென்ஸ் செய்ய ஆரோலேப் தொடங்கினார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் சம்பளம் வாங்கித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

இனிப்பாக மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியதாகும். படித்து முடித்த கையோடு அவள் நிறுவனம் தொடங்கக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஏதாவது ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ, பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவிலோ சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். தொடக்கச் சம்பளம் சென்னையில் கணினி வேலை பார்க்கும் உறவுக்காரப் பையனுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். கல்யாண வீட்டில் அதை நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த ஆண்டு அறிவிக்கையில் கட்டணம், விடுதி, நுழைவுத் தேர்வு மூன்றையும் பார்த்து ஒரே தாளில் எழுதுங்கள். கடன் தேவைப்பட்டால் 2024இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தால் அடமானச் சொத்தும் வேண்டாம், ஜாமீன் கையெழுத்துப் போட ஆளும் வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் வட்டியில் 3 சதவீத மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். தகுதி அடிப்படையில் இடம் பிடித்தவர்களுக்குத்தான் இந்தத் திட்டம், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும். அப்போதும் பத்திரம் பீரோவிலேயே இருக்க வேண்டும்.

பெண்ணை மும்பைக்குத் தனியாக அனுப்புவதா என்று வாசலில் நின்று தயங்கினீர்கள். தேவனாருக்குப் பக்கத்தில்தான் செம்பூர். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம், முருகன் கோயிலும் உண்டு. அது இருக்கட்டும். போக விருப்பமா என்று அவளிடம் இதுவரை யாராவது கேட்டீர்களா?

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். மாமாவுக்கு அலைச்சல் வேண்டாம். அவளையும் அந்த நோட்டையும் அழைத்து வந்தால் போதும்.