வீடு இருக்கட்டும், வண்டிச் சாவியில் ஒன்று உங்களிடம் வரட்டும்

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஹூஸ்டனில் வசிக்கிறோம். என் கணவருக்கு 69 வயது, எனக்கு 66. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற கணவர், வீட்டை விற்று, சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே கொண்ட 36 அடி நீள மோட்டார் ஹோம் வண்டி ஒன்றை வாங்கி, அரிசோனா, யூட்டா, கொலராடோ என்று பாலைவனமும் மலையுமாக இரண்டு ஆண்டுகள் சுற்றலாம் என்கிறார். எனக்கும் ஊர் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அவ்வளவு பெரிய வண்டியை நான் தொடமாட்டேன். அவருக்கு இரத்த அழுத்தம் வேறு. வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. நான் என்ன சொல்லட்டும்?
– ஹூஸ்டன் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"எனக்கும் ஊர் பார்க்கப் பிடிக்கும்" என்ற வரி உங்கள் கடிதத்தில் இல்லாதிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பிடிக்கும் என்பதால் போய் வாருங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் வீட்டை விற்க வேண்டாம். 36 அடி வண்டியை இப்போது வாங்க வேண்டாம். "நான் தொடமாட்டேன்" என்ற சொல்லையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மூன்றில் கடைசியே எனக்கு முக்கியமாகப் படுவதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் 25 அடி வண்டி ஒன்றை மூன்று வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். அப்போது நானும் உங்களைப் போலவே அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள்தான். தென்மேற்குக் கொலராடோவில் 10,800 அடிக்கு மேல் உயரமுள்ள உல்ஃப் கிரீக் கணவாயைக் கடந்து பகோசா ஸ்பிரிங்ஸ் பக்கம் இறங்கும்போது, ஏதோ கருகும் வாடை வந்தது. அடுப்பைத்தான் அணைக்காமல் விட்டுவிட்டேனோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. வாடை சக்கரங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. இறக்கம் தொடங்கியதிலிருந்து என் கணவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்க உள்ளே போகத் தொடங்கியிருந்தது. நல்லவேளையாகச் சாலையோரம் ஒதுங்க இடம் கிடைத்தது. அங்கே நின்றிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும் என்றும், பிரேக்கை விட்டு விட்டுத்தான் அழுத்த வேண்டும் என்றும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பிரேக் ஒரு மணி நேரத்தில் ஆறிவிட்டது. என் கணவரின் கைநடுக்கம்தான் ஆறவில்லை. மாற்றி ஓட்ட ஆள் இல்லாததால் மாலை வரை அந்த ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அன்று அவருக்கு நெஞ்சுவலி ஏதும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த ஊரில் ஆளில்லாத ஒரு வாகன நிறுத்தத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நினைத்த அளவுக்குக் கடினமாக இல்லை. புரியாமல் திணறியது ஒன்றே: இடப்பக்கம் திருப்பினால், பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால்பகுதி வலப்பக்கம் வீசும், பெட்ரோல் பங்கின் மஞ்சள் கம்பங்களில் இடித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள். 26,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட வண்டியை உங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் சாதாரண உரிமத்திலேயே ஓட்டலாம். நாள் முழுவதும் நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை. தேவை வந்தால் அடுத்த ஊர் வரை கொண்டுசேர்க்கத் தெரிந்தால் போதும்.

36 அடி வண்டி வேண்டாம் என்பதற்குக் காரணம் அவர் போக விரும்பும் நிலப்பகுதிதான். யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் 1930-இல் திறக்கப்பட்ட, ஒரு மைலுக்குச் சற்று மேல் நீளமுள்ள மலைக்குகைப் பாதை இருக்கிறது. அதன் கூரை வளைவானது என்பதால், 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டி தன் தடத்துக்குள் நின்று அதில் போக முடியாது. அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குத் தென்விளிம்பில், வண்டிகள் தங்கும் 'மாதர்' (Mather) என்ற முகாமில் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமில்லை. கொலராடோவில் சில்வர்டன் என்ற ஊரிலிருந்து யூரே என்ற ஊருக்குப் போகும் மலைச்சாலை 11,018 அடிக்கு ஏறி இறங்குவது. பல இடங்களில் தடுப்புக் கம்பியே கிடையாது. அந்தச் சாலையில் நீண்ட வண்டியை வளைத்துக்கொண்டு போகிறவர் எந்த இயற்கைக் காட்சியையும் பார்க்கப்போவதில்லை. எரிபொருளைக் கேட்டால் இன்னும் கசக்கும்: அந்த அளவு வண்டி ஒரு காலனுக்கு எட்டு, ஒன்பது மைல் கொடுத்தால் பெரிது. எனவே 25 அடிக்குள் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பிறகு வாங்கத் தோன்றி, அதுவும் பழைய வண்டியாக இருந்தால், முதலில் டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். அவை தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஓடாமல் நின்ற வண்டியில் பள்ளம் தேயாத டயரும் வயதாகி, பாலைவன வெயிலில் வெடிக்கும்.

எப்போது போவது என்பதற்கு அந்த வட்டாரத்தில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: குளிர்காலத்தில் தாழ்நிலம், கோடையில் மேடு. மேற்கு அரிசோனாவில், சில ஆயிரம் பேரே வாழும் குவார்ட்சைட் என்ற ஊரைச் சுற்றியுள்ள பாலைநிலம் ஜனவரியில் மோட்டார் ஹோம்களால் நிரம்பிவிடும். அங்கே அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச்சீட்டில் தங்க இடமிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் யூட்டாவுக்கு ஏறி, ஜூன் பிறந்ததும் கொலராடோ மலைகளுக்குப் போய்விடலாம். கோடையில் கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தை எட்டிப் பார்க்கலாம் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1913 ஜூலையில் 134 டிகிரி பாரன்ஹீட் பதிவான இடம் அது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழையின் காலம் என்பதால், நிழலும் மணலுமாக இருக்கிறதே என்று வறண்ட ஓடைப் படுகையில் வண்டியை நிறுத்தவும் கூடாது. தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதே எங்கோ மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும்.

உங்கள் சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை உங்கள் கணவர் யோசித்திருக்க மாட்டார். சிறிய வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் 40 காலன் கொள்ளும். அரிசி களைந்து, கீரை அலசி, எண்ணெய்ச் சட்டி தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கத்தில், குளியலும் சேர்ந்தால் அது இரண்டு நாளைக்குக்கூட வராது. பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுங்கள். பாத்திரம் கழுவிய நீர் போய்ச் சேரும் தொட்டியில் நேற்றைய சாம்பார் மூன்றாம் நாள் வெயிலில் என்ன மணம் வீசும் என்பதை நான் அனுபவித்தே சொல்கிறேன். கழிவறைத் தொட்டியின் அடைப்பானை, முகாமில் குழாய் இணைத்த பிறகும் மூடியே வைத்திருந்து, நிறைந்ததும்தான் திறக்க வேண்டும். திறந்தே விட்டால் நீர் வடிந்து மற்றது மலைபோல் குவிந்து இறுகிவிடும். அதைச் சுத்தம் செய்வது யார் என்ற சண்டை எந்தத் தாம்பத்தியத்துக்கும் நல்லதல்ல. 9,300 அடி உயரத்திலுள்ள சில்வர்டனில் தண்ணீர் சுமார் 90 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், பருப்பு திறந்த பாத்திரத்தில் வேகவே வேகாது. குக்கரை மறக்காதீர்கள்.

அவருடைய இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, கடல்மட்டத்தை ஒட்டிய ஹூஸ்டனில் வாழ்பவர் 8,000 அடிக்கு மேல் உறங்கலாமா, மாத்திரை அளவில் மாற்றம் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் நேரில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். ஒரேயடியாக ஏறாமல், 5,000, 6,000 அடியில் ஓரிரு இரவுகள் தங்கி ஏறுவது நல்லது. இன்னொரு சங்கதி: அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் மாற்றுகிறார்கள். மாத்திரை நேரத்தைக் கைப்பேசியை நம்பி வைத்திருந்தால் ஒரே பகலில் இருமுறை குழம்ப நேரும்.

வீட்டை விற்க வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்: சிகிச்சைக்குத் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். 65 வயது கடந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேரில், உங்களுடையது அரசே நடத்தும் மூல வகை என்றால், அதை ஏற்கும் மருத்துவரை நாட்டில் எங்கும் பார்க்கலாம். தனியார் நிறுவனம் வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜ் என்றால், அவசரச் சிகிச்சை தவிர மற்றவை பெரும்பாலும் உங்கள் வட்டாரத்துக்குள்தான். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் அந்தத் திட்டத்திலிருந்தே நீக்கப்படலாம். எது உங்களுடையது என்பதை அட்டையை எடுத்து இன்றே பாருங்கள். வேறு செலவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 62 வயது கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 80 டாலருக்கு வாழ்நாள் முழுவதற்குமான தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு கிடைக்கிறது, பல அரசு முகாம்களில் அதைக் காட்டினால் கட்டணம் பாதி.

அவரிடம் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "பிப்ரவரியில் மூன்று வாரம், தெற்கு அரிசோனா மட்டும், வாடகை வண்டியில், தினமும் முதல் ஒரு மணி நேரம் நான் ஓட்டுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாடிய முகம் அல்ல, திகைத்த முகத்தைத்தான் பார்ப்பீர்கள். வண்டியை எடுக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். அன்று காலையில் கடைத்தெரு வாகன நிறுத்தங்கள் காலியாகக் கிடக்கும்.