பெடல் கல்லா, பஞ்சா?

பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் பெடல் காலுக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கல் மாதிரி நின்றால் ஒரு வியாதி, பஞ்சு மாதிரி அமுங்கினால் வேறு வியாதி. இந்த முறை வந்தவற்றில் கல்தான் அதிகம்.

கும்பகோணம் வாசகர்: என் கான்டெஸாவில் இரண்டு காலையும் வைத்து மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. பூஸ்டர் போச்சு, மாற்றியே ஆகணும் என்கிறார் மெக்கானிக். எங்கே தேடுவது?

கான்டெஸா தயாரிப்பே நின்றுபோனது 2002-இல். பூஸ்டர் என்பது எஞ்சின் இழுக்கும் வாக்குவத்தால், அதாவது வெற்றிடத்தால், உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் டப்பா. அதற்காக அலைவதற்கு முன் பத்து நிமிடம் செலவழியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். அப்புறம் பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

இறங்கவில்லை என்றாலும் உடனே பூஸ்டர்மேல் பழி போடாதீர்கள். மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) வரும் ஹோஸை பூஸ்டர் முனையில் கழற்றி, எஞ்சின் ஓடும்போது கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். விரலைக் கவ்வி இழுக்க வேண்டும். வாக்குவம் கேஜ் இருந்தால், நல்ல பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை காட்டும். குறைந்தால் டைமிங், டேப்பட், மேனிஃபோல்ட் கேஸ்கெட் என்று தேடுங்கள். அப்போது நோய் எஞ்சினில், பிரேக்கில் இல்லை. ஹோஸ் வழியில் ஒரு ஒருவழி வால்வு இருக்கும். அதைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போகவேண்டும்.

ஹோஸைப் பற்றி என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நல்ல பூஸ்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினேன். பெடல் அதே கல். பார்த்தால், யாரோ வாக்குவம் ஹோஸுக்குப் பதில் சாதாரண பெட்ரோல் ஹோஸை மாட்டியிருந்தார்கள். குளிர்ந்திருக்கும்போது கும்மென்று இருக்கும். சூடேறியதும் வாக்குவம் இழுத்து உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கெட்டியான வாக்குவம் ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து பெடல் இன்னும் கல்லாக இருந்தால் முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். பிரேக் பேட் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும், அல்லது பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து நகராமல் நிற்கும்.

மயிலாடுதுறை வாசகர்: அப்பா ஓட்டிய மார்க் 2 அம்பாசடர். பூஸ்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இல்லாததைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மிதிக்கும் பலம் முழுக்க உங்கள் காலுடையது. அப்பா காலம் போல அழுத்தி மிதிக்க வேண்டியதுதான். டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை முறையாக அட்ஜஸ்ட் செய்து, லைனிங்கில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாகப்பட்டினம் வாசகர்: பிரேக் ஆயில் மாதம் ஒருமுறை குறைகிறது. எந்தச் சக்கரத்திலும் கசிவு இல்லை. சைலன்சரில் சில நேரம் வெள்ளைப் புகை.

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போயிருக்கும். ஆயில் பூஸ்டருக்குள் இறங்க, அதை எஞ்சின் வாக்குவத்தோடு இழுத்து எரிக்கிறது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி பூஸ்டர் வாயில் ஈரமிருக்கிறதா பாருங்கள். ஈரமிருந்தால் தள்ளிப்போடாதீர்கள், உள்ளே ரப்பர் டயாஃப்ரம் ஊறிக் கெட்டுவிடும். இன்னொன்று: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 (DOT 3) ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். உங்கள் கடற்கரைக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

மன்னார்குடி வாசகர்: டீசல் அம்பாசடர். கடைத்தெரு நெரிசலில் அடுத்தடுத்து மிதித்தால் பெடல் இறுகிவிடுகிறது.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல மேனிஃபோல்டில் வாக்குவம் கிடைக்காது, அதற்குத் தனி பம்ப் வேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்புக்கு எஞ்சின் ஆயில் போகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் பூஸ்டர்.

திருவாரூர் வாசகர்: ஐப்பசி மழையில் தண்ணீரைக் கடந்தபின் பிரேக்கே இல்லை.

டிரம்முக்குள் தண்ணீர். மெதுவாக ஓட்டியபடி லேசாகப் பலமுறை மிதித்துக் காயவிடுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: பெட்ரோல் கான்டெஸாவில் கொடைக்கானல் போகிறோம். இங்கே பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது.

நம்மூரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். வெண்ணாற்றுப் பாலத்தில் பிடித்த பிரேக்கை நம்பி மலையில் இறங்காதீர்கள். புறப்படும் முன் ஒரு சோதனை: எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டு பெடலை மிதியுங்கள். முதல் இரண்டு மிதி மென்மையாகவும் பிறகு கல்லாகவும் இருந்தால் ஒருவழி வால்வு வாக்குவத்தைக் காக்கிறது. முதல் மிதியே கல் என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அணைத்த எஞ்சினோடு உங்களுக்கு மிச்சம் அந்த இரண்டு மிதிதான். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பாதி வழியில் வண்டியை நிறுத்தி டீ குடியுங்கள், டிஸ்க்கும் ஆறட்டும்.