மில்லியன் டாலர் பேபி: பிராங்கி எடுத்த முடிவு சரியானதா?

‘மில்லியன் டாலர் பேபி’ படத்தின் இறுதியில் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் பிராங்கி எடுக்கும் முடிவு சரியானதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத இயலாது. ஆகவே படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்க வேண்டுகிறேன். பிராங்கியின் அன்பில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அவர் அவசரப்பட்டுவிட்டார், அல்லது கதை அவரை அவசரப்படுத்திவிட்டது என்பதே என் கருத்து. இப்படிச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிப் பிராங்கியாகவும் நடித்த இப்படம் 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகை, துணை நடிகர் என நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. மிசூரி மாநிலத்தின் மலைப்பகுதியில் வறுமையில் வளர்ந்த மேகி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உணவகப் பணிப்பெண்ணாக இருந்துகொண்டே, முப்பது வயதைக் கடந்த பிறகு, பிராங்கியின் பழைய பயிற்சிக்கூடத்துக்கு வந்து தனக்குக் குத்துச்சண்டை கற்றுத்தர வேண்டும் என்று கேட்கிறாள். பெண்களுக்குப் பயிற்சி அளிப்பதில்லை என்று அவர் மறுக்கிறார். அவளுடைய பிடிவாதத்தை ஈஸ்ட்வுட் வசனத்தால் காட்டவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் தட்டில் மீதம் வைத்துவிட்டுப் போன இறைச்சித் துண்டை அவள் தாளில் சுற்றிக்கொள்கிறாள். பார்த்துவிட்டவர்களிடம் நாய்க்கு என்கிறாள். அவளிடம் நாய் இல்லை. அந்த இரவில் அவள் அதைத் தின்னும் காட்சியை, முதன்முறை கல்லூரி விடுதியில் பார்த்தபோது, நான் குத்துச்சண்டை தொடங்கட்டும் என்ற அவசரத்தில் கவனிக்கவே இல்லை.

பிராங்கி யார் என்பதைப் புரிந்துகொண்டால்தான் உங்கள் கேள்விக்கு விடை தேட முடியும். அவர் பயிற்சியாளராவதற்கு முன், சண்டையின் நடுவே வீரரின் காயத்தை அடைக்கும் ஆளாக இருந்தவர். அமெரிக்கக் குத்துச்சண்டை உலகில் இவர்களைக் ‘கட் மேன்’ என்பார்கள். இரண்டு சுற்றுகளுக்கு இடையே கிடைப்பது ஒரே ஒரு நிமிடம். அதற்குள் கிழிந்த புருவத்தைத் துடைத்து, அட்ரினலின் தோய்த்த பஞ்சுக்குச்சியைக் காயத்தில் அழுத்திப் பிடித்து, இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து, மேலே வாசலின் தடவி அனுப்ப வேண்டும். மேகியின் மூக்கு உடைந்த சண்டையில் பிராங்கி எலும்பை நிமிர்த்தி அவளைத் திருப்பி அனுப்பும் காட்சி நினைவிருக்கும். மீண்டும் இரத்தம் கொட்டத் தொடங்குவதற்குள் சில நொடிகளில் அவள் எதிரியை வீழ்த்தியாக வேண்டும். இவை வெறும் கற்பனை அல்ல. இந்தப் படத்துக்கு அடிப்படையான கதைகளை எஃப். எக்ஸ். டூல் என்ற புனைபெயரில் எழுதிய ஜெர்ரி பாய்ட், தாமே இந்தத் தொழிலைச் செய்தவர். அவருடைய கதைத் தொகுப்பு 2000-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. 2002-இல் அவர் மறைந்துவிட்டார். படத்தைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

காயத்தை அடைப்பவருக்குச் சண்டையை நிறுத்தும் அதிகாரம் இல்லை. பிராங்கியின் பயிற்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் முன்னாள் வீரர் ஸ்கிராப் (மோர்கன் ஃப்ரீமன் நடித்த பாத்திரம்) தம்முடைய 109-ஆவது சண்டையில் ஒரு கண்ணை இழந்தபோது பிராங்கி அருகிலேயே இருந்தார். துண்டை வீசிச் சண்டையை முடிக்கும் உரிமை மேலாளருக்கே இருந்தது, அந்த மேலாளரோ அங்கு இல்லை. அன்றிலிருந்து பிராங்கிக்கு அச்சமே இயல்பாகிவிட்டது. பட்டத்துக்கான போட்டிக்குத் தகுதி பெற்ற வீரனைக்கூட, ‘இன்னும் இரண்டு சண்டை போகட்டும்’ என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அவனை வேறொரு மேலாளரிடம் இழக்கிறார். மேகிக்கு அவர் சொல்லித்தரும் முதல் விதியும் இதுவே: எப்போதும் உன்னைக் காத்துக்கொள்.

லாஸ் வேகாஸ் நகரில் நடக்கும் பட்டப் போட்டியில் அவள் அந்த விதியை ஒரே ஒரு கணம் மறக்கிறாள். எதிராளி பில்லியாக நடித்திருப்பவர், தொழில்முறைக் குத்துச்சண்டையில் தோல்வியே காணாத டச்சு வீராங்கனை லூசியா ரைக்கர். மணி அடித்துச் சுற்று முடிந்துவிட்டது என்று கைகளைத் தாழ்த்தி மேகி திரும்பும்போது, பில்லி பின்னாலிருந்து குத்துகிறாள்; ஓய்வுக்காக மூலையில் வைக்கப்பட்ட ஸ்டூலின் மேல் விழுந்து மேகியின் கழுத்து முறிகிறது. மருத்துவமனைப் படுக்கையிலும் அவள் பில்லியைக் குறை சொல்வதில்லை. கைகளைத் தாழ்த்தியது தன் தவறு, எத்தனை முறை சொல்லித்தந்தீர்கள் என்று அவரிடமே சொல்கிறாள்.

அதன்பின் வருவது உங்களுக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத நிலை, மூச்சுக்கு இயந்திரம், படுக்கைப்புண், அதனால் ஒரு கால் அகற்றப்படுதல், சொத்தை எழுதி வாங்க வரும் குடும்பம். முன்பு தங்கள் வீட்டில் இருந்த நோய்ப்பட்ட நாயைத் தன் தந்தை கொன்று அதன் வேதனையை முடித்ததுபோலத் தனக்கும் செய்யும்படி மேகி பிராங்கியிடம் கேட்கிறாள். அவர் மறுத்ததும் நாக்கைக் கடித்து இரத்தம் வடிந்து சாகப் பார்க்கிறாள். பாதிரியார், இதைச் செய்தால் மீண்டு வர முடியாதபடி தொலைந்துபோவாய் என்று எச்சரிக்கிறார். ஓர் இரவில் பிராங்கி வந்து, தான் அவளுக்குச் சூட்டிய ஐரிஷ் பெயரின் பொருளை, ‘என் அன்பே, என் இரத்தமே’ என்று சொல்லி, மூச்சு இயந்திரத்தை நிறுத்துகிறார். பிறகு ஊசி போடுகிறார். அந்த ஊசியில் இருப்பது அட்ரினலின். வாழ்நாள் முழுவதும் எந்த மருந்தால் மற்றவர்களின் இரத்தத்தை நிறுத்தினாரோ, அதே மருந்து. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. அதன்பின் வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கிராப்புக்கு வீச முடியாத துண்டை அவர் இங்கே வீசுகிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு மனிதனின் கதையாக இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கேட்பது சரியா தவறா என்பது. படம் இருட்டில் செய்யப்படும் குற்றமாகக் காட்டுவதன் முக்கியப் பகுதி, அமெரிக்காவில் அப்போதே நோயாளி கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக இருந்தது. தெளிந்த அறிவுடன் இருக்கும் ஒருவர், மூச்சு இயந்திரம் உட்பட எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று மறுக்கலாம். ஜார்ஜியா மாநிலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்து முறிந்து இயந்திரத்தால் மூச்சுவிட்ட லேரி மக்கஃபி, அதை நிறுத்தும் உரிமையை 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். வென்ற பிறகு அவர் அதை நிறுத்தவில்லை. மருத்துவமனை அறைகளுக்கு வெளியே வாழவும் வேலை பழகவும் வழி தென்பட்டதும், வாழ்வதையே தேர்ந்துகொண்டார். கலிபோர்னியாவில் கட்டாயமாக உணவு செலுத்தப்படுவதற்கு எதிராக 1986-இல் தீர்ப்புப் பெற்ற எலிசபெத் பூவியாவும் அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தார். 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘நாட் டெட் யெட்’ என்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பு இப்படத்தை எதிர்த்தபோது எழுப்பிய கேள்வியும் இதை ஒட்டியதே: உடல் அசையாமல் போனவர்களுக்குச் சாவே கருணை என்று ஏன் கதை சொல்கிறீர்கள்? மேகி கல்லூரியில் சேரலாம், குழாயில் ஊதி ஓட்டும் சக்கர நாற்காலி இருக்கிறது என்று ஒரு காட்சியில் பிராங்கி சொல்லத்தான் செய்கிறார். ஆனால் அந்த நாற்காலி அறைக்குள் வருவதில்லை. அதே நிலையில் வாழும் இன்னொருவர்கூட அவளைப் பார்க்க வருவதில்லை.

இப்போது என் காரணம். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து என் தாய்மாமா விழுந்தது 2010-இல். கழுத்தெலும்பு முறிந்தது, தோள்களும் முழங்கை வரை கைகளும் அசைந்தன, வேறு எதுவும் அசையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். முழங்கால்களுக்கு இடையே சிறு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் இன்னொன்று. அத்தையும் நானும் கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு முறை மாற்றி எழுந்தோம். ஒருமுறை, உறவினர் திருமணத்துக்காக ஒரே ஓர் இரவு அந்த முறை தவறியதில், இடுப்புக்குக் கீழே எட்டணா அளவில் தோல் சிவந்தது. அது குழியாகி ஆறுவதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. முதல் ஆண்டில் அவர் என்னிடம் இரண்டு முறை கேட்டார். “மாப்ள, ஏதாவது குடுத்து அனுப்பி வச்சிரு” என்றார். நான் பதில் சொல்லாமல் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். மூன்றாம் முறை கேட்டால் என்ன செய்வது என்று பல இரவுகள் உறங்காமல் இருந்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் சக்கர நாற்காலி வந்தது. அவர் வாசலுக்கு வந்தார். பிறகு தோப்புக்கே போய், காய் பறிப்பவர்களிடம் கணக்குக் கேட்கத் தொடங்கினார். மூன்றாம் முறை அவர் கேட்கவே இல்லை. 2016-இல் சிறுநீரகத் தொற்றில் இறந்தார். இறப்பதற்கு முந்திய வாரம் உர விலையைப் பற்றி அத்தையுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் தோப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, 2012-இல் ஒரு மழை நாளில், மடிக்கணினியில் இந்தப் படத்தை அவருடன் பார்த்தேன். முடிவு நினைவிருந்ததால் போடத் தயங்கினேன்; குத்துச்சண்டைப் படம் என்றதும் அவரே போடச் சொன்னார். வசனங்களை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மேகியின் காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, “அந்தப் புள்ளைய ஒழுங்கா திருப்பிப் போடலடா, அதான் புண்ணு வந்திருக்கு” என்றார். ஊசி போடும் காட்சியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்ததும், மூக்கு உடைந்த பிறகு அவள் எழுந்து போய் அடிக்கும் இடத்தை மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்.