இரட்டைக் கர்ப்பம்: இரண்டாவது குழந்தை கால் கீழாக இருந்தால் சிசேரியன் கட்டாயமா?

தண்டையார்பேட்டை சகோதரிக்கு வணக்கம். 35 வாரத்தில் முதல் குழந்தை தலை கீழாகவும் இரண்டாவது கால் கீழாகவும் இருப்பதால், சிசேரியன்தான் பாதுகாப்பு என்று வீட்டார் வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள்.

இதில் முக்கியமானது முதல் குழந்தையின் நிலையே. அது தலை கீழாக இருந்த சுமார் 2,800 தாய்மார்களை வைத்து நடத்தி 2013-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியனால் குழந்தைகளின் உயிரிழப்போ கடுமையான பாதிப்போ குறையவில்லை. ஆனால் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களிலும் 100-க்கு 44 பேருக்குக் கடைசியில் சிசேரியன் செய்ய வேண்டியிருந்தது. இதை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நஞ்சு (நஞ்சுக்கொடி) ஒன்றா இரண்டா என்பதற்கு முதல் மூன்று மாத ஸ்கேன் அறிக்கையையே மருத்துவரிடம் காட்டுங்கள். பிந்திய ஸ்கேனில் இரண்டும் ஒட்டி ஒன்றாகத் தெரியக்கூடும். வேறு சிக்கல் இல்லாதபோது, ஒரே நஞ்சு என்றால் 36 வாரத்தை ஒட்டியும், இரண்டு என்றால் 37 வாரத்தை ஒட்டியும் பிரசவத்தை வைப்பது வழக்கம்.

என்னுடைய கவலையெல்லாம் இடத்தைப் பற்றித்தான். முதல் குழந்தை பிறந்தவுடன் பிரசவ அறையிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்து, இரண்டாவதைக் காலைப் பிடித்து எடுக்கப் பழகிய மருத்துவரும், மயக்க மருத்துவரும், தயாராக உள்ள ஆபரேஷன் தியேட்டரும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் உங்கள் நர்சிங் ஹோமில் இல்லையென்றால், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையில் இந்த வாரமே காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். குழந்தைகளின் அசைவு குறைந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.