காமிக்ஸில் ஒரு கதாபாத்திரத்தை ‘மான்ஸ்டர்’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஹல்க் மான்ஸ்டரா, ஹீரோவா?

உருவத்தை வைத்துதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு, குணத்தை வைத்து என்று மாற்றிக்கொண்டேன். இரண்டுமே கொஞ்ச தூரத்துக்கு மேல் ஓடவில்லை.

குணம்தான் கணக்கு என்றால் பேட்மேனின் எதிரி ஜோக்கர் வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும். 1940-இல் அறிமுகமானதிலிருந்து எத்தனை பேரைக் கொன்றிருக்கிறான்! ஆனாலும் அவனை வில்லன் என்றுதான் சொல்கிறோம். திட்டும்போது வேண்டுமானால் ‘மிருகம்’ என்போம்.

உருவம் என்று வைத்தால் இன்னும் சிக்கல். எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் 1961 நவம்பர் தேதியிட்ட, நால்வர் அணியின் கதையான ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழில் ‘திங்’ என்கிற பென் கிரிம்மைக் கொண்டுவந்தார்கள். கரடுமுரடான ஆரஞ்சு உடம்பு. போகப் போகப் பாறைத் துண்டுகளாகவே வரைந்தார்கள். ஆறே மாதத்தில், 1962 மே இதழாக, அதே இருவரிடமிருந்து ஹல்க் வந்தான். (முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் அது ஒரே மாதிரி விழாததால் இரண்டாவது இதழிலேயே பச்சையாகிவிட்டான்.) இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். திங்தான் விகாரம். ஹல்க் ஒரு ராட்சத மனிதன், அவ்வளவுதான். ஆனால் ‘இவன் மனிதனா, மான்ஸ்டரா, இல்லை இரண்டுமா?’ என்று முதல் இதழின் அட்டையிலேயே கேட்டது ஹல்க்கைப் பற்றி.

திங்குக்கு வீடு இருக்கிறது. கல்லூரிக் கால நண்பன் இருக்கிறான், நாள் முழுக்க வம்பிழுக்க அணியில் ஜானி இருக்கிறான், கொஞ்ச நாளில் காதலியும் வந்துவிடுகிறாள். அவனே தன்னை மான்ஸ்டர் என்று நொந்துகொண்டாலும், படிக்கிற நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஹல்க்குக்கு அப்படி யாரும் இல்லை. 1963-இல் அவெஞ்சர்ஸ் தொடங்கியபோது அவனும் அதில் ஒருவன். இரண்டாவது இதழிலேயே, இவர்கள் என்னை நம்பவில்லை என்று கிளம்பிவிட்டான்.

ஆக, என் அளவுகோல் இது: தன் இனம் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லாதவன் மான்ஸ்டர். இந்தச் சொல்லை ‘அரக்கன்’ என்று தமிழாக்கினால் எனக்கு ஒட்டாததும் அதனால்தான். அரக்கனுக்குக் குலம் உண்டு, தம்பி தங்கை உண்டு, ஒரு நகரமே உண்டு.

க்ரூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் முதலில் வந்தபோது அவன் ஒரு ஊரையே பெயர்த்துக்கொண்டு போக வந்த வேற்றுக்கிரக மரம். கடைசியில் கரையானை ஏவி அவனை வீழ்த்தினார்கள். பல வருடம் கழித்து, ராக்கெட் என்கிற பேசும் ரக்கூனுக்குக் கூட்டாளியானான். இன்று அவன் பெயரைச் சொன்னால் குழந்தைகள் சிரிக்கிறார்கள்.

ரத்தக்காட்டேரி, ஓநாய்மனிதன் எல்லாம் இனமாகத்தானே வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அமெரிக்கப் பதிப்பகங்கள் 1954-இல் தங்களுக்கே போட்டுக்கொண்ட காமிக்ஸ் விதிகள் அவற்றைப் பெயர் சொல்லித் தடை செய்தன, 1971-இல்தான் தளர்த்தினார்கள். அதே வருடம் ஸ்பைடர்மேன் கதையில் வந்த மார்பியஸ், மந்திரத்தால் அல்ல, தன் நோயைக் குணப்படுத்தச் செய்த சோதனையால் ரத்தம் குடிப்பவன் ஆனவன். மனிதரோடும் ஒட்டாமல், அசல் ரத்தக்காட்டேரிகளோடும் ஒட்டாமல் நிற்பவன். அவன் என் கணக்குக்குப் பொருந்துகிறான். டிராகுலா கொஞ்சம் இடிக்கிறார், விட்டுவிடுகிறேன்.

எனக்கு இது உறைத்தது ஸ்வாம்ப் திங் படித்தபோது. 1972-இல் தொடங்கிய தொடரில், ஆய்வகம் வெடித்துச் சதுப்பு நிலத்தில் விழுந்த விஞ்ஞானி அலெக் ஹாலண்ட், உடம்பெல்லாம் செடியும் பாசியுமாக எழுந்து வருகிறான். என்றாவது ஒரு நாள் மறுபடி மனிதனாகிவிடுவான் என்பதுதான் அவனுடைய நம்பிக்கை, படிப்பவர்களுடையதும். 1984-இல் ஆலன் மூர் எழுதிய ஒரு இதழில் அவனை அறுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே நுரையீரல் மாதிரி ஏதோ இருக்கிறது, அதனால் மூச்சுவிட முடியாது. இதயம் மாதிரி ஒன்று, அது துடிக்காது. அலெக் அன்றைக்கே செத்துப்போய்விட்டான். இது அவன் நினைவுகளை உறிஞ்சிக்கொண்டு, தன்னை அலெக் என்று நம்பிக்கொண்டிருந்த செடி. முந்தைய இதழில் பார்த்த அதே முகம்தான். ஆனால் திரும்பிப் போக ஓர் இனம் இருக்கிறது என்ற நினைப்பு போய்விட்டது. அந்த இதழை மூடும்போதுதான் எனக்கு அவனைப் பார்த்துப் பயம் வந்தது.

அப்புறம் சில இதழ்கள் கழித்து அபி என்கிற பெண் அவனைக் காதலிக்கிறாள். அவன் செடி என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான். அதற்குப் பிறகு வந்த கதைகளில் எனக்கு அந்தப் பயம் வரவே இல்லை.